ஃபிக்ஸட் கேமரா என்பது பழைய மெஷினின் குறை மட்டும்தானா?

செப்டம்பர் 6, 2025 | இழையைத் தொடங்கியவர்

ரெசிடென்ட் ஈவில் முதல் பாகத்தின் ஹெச்டி பதிப்பை வாங்கி இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு மூடி வைத்துவிட்டேன். நாலு அடி நடந்தால் கோணம் மாறுகிறது. எதிரே என்ன நிற்கிறது என்று எட்டிப் பார்க்க வழியே இல்லை. ஒரு பெரிய மாளிகையைச் சுற்றித் தேடுவதுதான் கேம், ஆனால் பார்க்க விடமாட்டார்களாம். இது என்ன நியாயம்? அந்தக் காலத்து மெஷினுக்குத் தெம்பு இல்லை, அதனால் கேமராவை ஆணி அடித்து மாட்டினார்கள், அவ்வளவுதானே? வலது ஸ்டிக்குக்குக் கேமரா வந்த பிறகுதான் அட்வென்சர் கேம் உருப்பட்டது என்பது என் கட்சி. மறுக்க நினைப்பவர்கள் மறுக்கலாம்.

செப்டம்பர் 6, இரவு | பதில் எழுதுபவர்

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1996-ல் பிளேஸ்டேஷனால் அப்படி ஒரு மாளிகையை முழுசாக 3டியில் ஓட்டிக் காட்ட முடியாது. அதனால் அறைகளை முன்கூட்டியே படமாக வரைந்து வைத்துக்கொண்டு, ஆட்களை மட்டும் பாலிகனில் (3டி உருவத்தைக் கட்டும் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகள்) செய்து அதன் மேல் நடக்க விட்டார்கள். படம் ஒரே கோணத்தில் வரைந்தது. கேமரா அதை விட்டு நகர்ந்தால் பொய் தெரிந்துவிடும். இந்த வித்தையை 1992-லேயே அலோன் இன் தி டார்க் செய்து காட்டியிருந்தது.

ஆனால் உங்கள் கையில் இருப்பது 1996 பதிப்பு இல்லை. 2015-ல் வந்த ஹெச்டி, 2002-ல் கேம்கியூபுக்கு வந்த ரீமேக்கிலிருந்து எடுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே இதே தொடரில் கோட் வெரோனிகா பின்னணியையும் சேர்த்து 3டியில் வந்துவிட்டது. வழி தெரிந்த பிறகும் ரீமேக்கில் மறுபடி வரைந்த படத்துக்குத்தான் போனார்கள். படத்தில் கிடைக்கும் நுணுக்கம் அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம். என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு: அந்த மாளிகையின் பயமே கோணங்களில்தான் இருக்கிறது, கோணத்தை எடுத்தால் வெறும் கட்டடம்.

அடுத்த முறை ஆடும்போது இதைக் கவனியுங்கள். நடைபாதை வளைகிற இடத்தில் கேமரா, நீங்கள் நடத்திப் போகும் ஜில்லின் முகத்தைப் பார்த்து நிற்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் உள்ளது ஜில்லுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. காலை இழுத்து நடக்கிற சத்தம் மட்டும் காதில் விழும். உடனே உங்கள் நடை மாறிவிடும். ஓடிக்கொண்டிருந்தவர் நிற்பீர்கள், துப்பாக்கியைத் தூக்குவீர்கள், இரண்டு அடி வைப்பீர்கள், கோணம் மாறும், அப்போதுதான் தெரியும். இந்த நிதானம் உங்களுக்கு வந்தது கேமராவால். சுதந்திரக் கேமரா இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஸ்டிக்கைத் திருப்பி எட்டிப் பார்த்துவிட்டு ஓடியே போயிருப்பீர்கள்.

செப்டம்பர் 7

"மேலே தள்ளினால் மேலே போக வேண்டாமா, ஏன் இந்த டேங்க் கண்ட்ரோல்" என்று கேட்டவருக்கு.

டேங்க் கண்ட்ரோலில் திசை ஸ்க்ரீனைச் சேர்ந்தது இல்லை, ஆளைச் சேர்ந்தது. மேல் பட்டன் என்றால் அவர் முகம் இருக்கும் பக்கம் முன்னே. இடம், வலம் என்றால் நின்ற இடத்தில் திரும்புவது. வண்டி ஓட்டுவது மாதிரி யோசித்தால் சட்டென்று பழகிவிடும்: எதிர்த் தெருவிலிருந்து யார் பார்த்தாலும் ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் வண்டி முன்னேதான் போகும். கோணம் ஐந்து முறை மாறினாலும் மேல் பட்டனை அழுத்திக்கொண்டே ஒரு நடைபாதையைக் கடந்துவிடலாம்.

செப்டம்பர் 8

ஹெச்டியில் புதுக் கண்ட்ரோலும் இருக்கிறதே, பிறகெதற்குப் பழையது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. நகர்வும் கேமராவும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது இங்கேதான் நன்றாகத் தெரியும்.

புதுக் கண்ட்ரோலில் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ ஸ்க்ரீனில் அந்தப் பக்கம் போவார். ஒரே கோணமாக இருந்தால் சிக்கலே இல்லை. கோணம் வெட்டி எதிர்ப்பக்கம் மாறினால்? வலது இடதாகிவிடும். நீங்கள் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க, ஆள் வந்த வழியே திரும்பிவிடுவார், கோணம் மறுபடி பழையதாகும், மறுபடி திரும்புவார். இப்படி வாசலில் ஊசலாடாமல் இருக்க, ஸ்டிக்கை விடாத வரை பழைய திசையையே பிடித்துக்கொள் என்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விட்டுவிட்டுத் தொட்டால்தான் புதுக் கோணத்தின் திசை வரும்.

வேலை செய்கிறது. ஆனால் இதன் விளைவு என்ன என்றால், பாதி வழியில் நிற்க மனசு வராது. ஸ்டிக்கை விட்டால் திசை மாறிவிடும் என்று தெரிவதால் கை அதை அழுத்திக்கொண்டே இருக்கும். ஓட்டமாகவே ஓடுவோம். ஜாம்பியைச் சுற்றி வளைத்து ஓடவும் புதுக் கண்ட்ரோல் மிகச் சுலபம். மாளிகை சின்னதாகிவிடுகிறது. இரண்டு கண்ட்ரோலிலும் முடித்திருக்கிறேன். பழையதில் எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் சொல்வேன், புதியதில் ஆடியபோது மேப்பைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே தெரிந்த கட்டடத்திலேயே அப்படி.

கிரிம் ஃபண்டாங்கோ (1998) நினைவுக்கு வருகிறது. லூகாஸ்ஆர்ட்ஸ் அதுவரை மவுஸில் கிளிக் செய்து ஆடும் அட்வென்சர் கேம்களைச் செய்துவிட்டு, முதல் முறையாகக் கர்சரை எடுத்துவிட்டது. கோணம் நிலையானது, நடை டேங்க். எதை எடுக்கலாம், எதோடு பேசலாம் என்று எப்படித் தெரியும்? நாயகன் மேனியின் தலை திரும்பும். ஒரு பொருளைக் கடந்து போகும்போது அவன் அதைப் பார்ப்பான். ஆகவே அறைக்குள் நுழைந்ததும் அவனை ஒரு சுற்று நடக்க வைத்து, தலை எங்கே திரும்புகிறது என்று கவனிப்பதே தேடல். 2015 ரீமாஸ்டரில் மவுஸ் திரும்பி வந்தது. ஆடுவதற்கு வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கர்சரால் அறையைத் தடவுவது வேறு, ஒரு ஆளை அறைக்குள் நடக்க வைத்து அவன் கண்ணால் தேடுவது வேறு.

செப்டம்பர் 12

நான் ஃபிக்ஸட் கேமராவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எடுத்துக்கொண்டதால், என் கட்சிக்கே எதிரான சாட்சியை நானே கொண்டுவருகிறேன். மெட்டல் கியர் சாலிட் 3, காவலாளிகள் கண்ணில் படாமல் ஒளிந்து போகும் கேம்.

2004-ல் ஸ்நேக் ஈட்டர் என்ற அந்த மூன்றாம் பாகம் வந்தபோது முந்தைய இரண்டு பாகங்களின் கேமராதான்: மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது. முந்தைய பாகங்கள் தளங்களுக்கும் கட்டடங்களுக்கும் உள்ளே நடந்தவை. சுவர்கள் நேர்கோடுகள், மூலையில் ரேடார், அதில் காவலாளியின் பார்வை ஒரு கூம்பாகத் தெரியும். கேமரா காட்டாததை ரேடார் காட்டிவிடும். மூன்றாம் பாகம் 1964-ல் நடக்கும் காட்டுக் கதை. அந்த ரேடார் கிடையாது. ஆனால் கேமரா மட்டும் அப்படியே இருந்தது. ஸ்க்ரீனுக்கு வெளியே நிற்கும் சிப்பாய் உங்களைப் பார்த்துவிடுவான், உங்களால் அவனைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வைக்கு, அதாவது ஆளின் கண்ணாலேயே பார்க்கும் பார்வைக்குப் போய்ச் சுற்றிலும் துழாவ வேண்டும்.

அடுத்த வருடம் ஜப்பானில் வந்த சப்சிஸ்டன்ஸ் பதிப்பில் ஆளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும், சுற்றித் திருப்பக்கூடிய தேர்ட் பெர்சன் கேமராவைச் சேர்த்தார்கள். காடு அதேதான். மரம் அதே இடம், சிப்பாய் அதே வழி. ஆனால் ஆட்டம் தலைகீழ். புல்லுக்குள் படுத்துக்கொண்டு தரைமட்டத்தில் கேமராவை வைத்து, தண்டுகளுக்கு நடுவே பூட்ஸ் நகர்வதைப் பார்க்க முடிந்தது. மரம் என்றால் மறைவு என்பது அப்போதுதான் உடம்புக்கே உறைத்தது, ஏனென்றால் அது என் பார்வையையும் மறைத்தது. மேலிருந்து பார்த்தபோது மரம் ஒரு பச்சை வட்டம், அவ்வளவுதான்.

போன மாதம் இறுதியில் வந்திருக்கும் டெல்டா ரீமேக்கில் இரண்டுமே இருக்கின்றன, பழைய மேல்பார்வை கேமரா லெகஸி ஸ்டைல் என்ற பெயரில். ஒரே காட்டை இரண்டு கேமராவிலும் நடந்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. இழையைத் தொடங்கியவர் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

ஆக, என் கட்சியைத் திருத்திச் சொல்கிறேன். நிலைத்த கேமரா நல்லதா, சுற்றும் கேமரா நல்லதா என்று கேட்டால் பதில் வராது. தேடிப் போவது என்றாலே தெரியாத இடத்தை நோக்கிப் போவது. எது தெரியக்கூடாது என்பதைக் கேமரா முடிவு செய்கிறது. மாளிகையில் அது மறைத்தது வளைவுகளை. அந்த மறைப்பில் ஆட்டம் இருந்தது. காட்டில் மேல்பார்வை மறைத்தது வெறும் தூரத்தை. அதில் ஆட்டம் எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

செப்டம்பர் 12, சற்று நேரம் கழித்து

"ரேடார் கூம்பு வேண்டாம், கேமராவே போதும் என்று எந்த கேமும் அன்றைக்கே செய்யவில்லையா?" செய்தது. சைலன்ட் ஹில் (1999). ஆரம்பத்திலேயே மகளைத் தேடி ஹாரி அந்தச் சந்துக்குள் போவான். கேமரா அவனுக்கு முன்னால் போகும், மேலே ஏறும், சாயும். நாம் ஸ்டிக்கை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறோம், எதை நோக்கிப் போகிறோம் என்றே தெரியாது. முன்னே தள்ளுவது ஒரு துணிச்சலாக மாறுவது அங்கேதான். அந்தச் சந்தைப் பற்றித் தனி இழையே போடலாம்.

செப்டம்பர் 15

மேலிருந்து பார்க்கும் கேமில் மறைக்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் தெரிகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி.

1986-ல் வந்த முதல் ஸெல்டாவின் வெளியுலகம் அகலத்தில் 16, உயரத்தில் 8 என்று மொத்தம் 128 ஸ்க்ரீன். ஸ்க்ரீனுக்குள் எல்லாம் தெரியும். விளிம்பைத் தொட்டால் அடுத்த ஸ்க்ரீன் நகர்ந்து வரும். அதனால் இந்த கேமில் அறியாத இடம் என்பது விளிம்புக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு விளிம்பும் ஒரு முடிவு: போகலாமா, உயிர் குறைவாக இருக்கிறதே, திரும்பலாமா.

இதை வைத்தே ஒரு புதிர் செய்தார்கள். தொலைந்த காடு. எந்தப் பக்கம் போனாலும் அதே ஸ்க்ரீன் திரும்பி வரும். வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்று சரியான வரிசையில் போனால்தான் விடும். கேமரா ஆளோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகும் உலகத்தில் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. ஸ்க்ரீன் என்பது ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி தாவுகிறோம் என்று நமக்குப் பழகிப்போனதால்தான் அந்த ஏமாற்று பலிக்கிறது.

மற்ற ரகசியங்கள் எல்லாம் கண் முன்னாலேயே: எரிக்க வேண்டிய புதர், குண்டு வைக்க வேண்டிய பாறை. பார்வையில் மறைக்க முடியாததால் பார்த்ததையே சந்தேகப்பட வைத்தார்கள்.

இதன் மறுபக்கம் ட்யூனிக் (2022). சாய்வான மேல்பார்வை. கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கும் சுவர்களின் பின்னால் வழி இருக்கும். நாம் பத்து முறை கடந்து போன சுவர்தான். ஒரு நாள் தற்செயலாக, நாம் ஆடும் நரியை அதன் பின்னால் தள்ளினால் அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஒரு குறுக்கு வழி திறக்கும். அது புதிதாக முளைத்தது இல்லை. ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் கிடந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் எல்லாச் சுவர்களையும் உரசிக்கொண்டே நடந்தேன்.

செப்டம்பர் 16

ஃபெஸ் (2012) பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரி: கேமராவை 90 டிகிரி திருப்பினால், தள்ளித் தள்ளி இருந்த இரண்டு மேடைகள் பக்கத்தில் வந்துவிடும், நடந்து போகலாம். அதில் கேமராவும் காலும் ஒன்றே.

செப்டம்பர் 20

டூம்ப் ரெய்டர் பேசாமல் இந்த இழை முடியாது.

நான் அதை முதலில் ஆடியது ஒரு பிரவுசிங் சென்டரில், கீபோர்டில். பக்கத்தில் நின்ற பையன்கள் எல்லாம் சொன்ன ஒரே மந்திரம்: விளிம்புக்கு வா, ஒரு தாவல் பின்னே போ, ஓடிக் குதி. ஏன் அது எப்போதும் பலிக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள கட்டங்களால் ஆனது. நின்றபடி குதித்தால் ஒரு கட்டத்தைத் தாண்டலாம். ஓடிக் குதித்தால் இரண்டு. ஓடிக் குதித்துக் கையால் பற்றினால் மூன்று. பின்னே ஒரு தாவல் என்பது சரியாக ஒரு கட்டம், ஓடிக் குதிக்கத் தேவையான தூரமும் அதுவே.

இதற்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேமரா நம்பகமானதாக இல்லை. நாயகி லாராவின் பின்னால் வரும், மூலையில் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் ஒதுங்கும், சில அறைகளில் தானே ஒரு கோணத்துக்குத் தாவும். கண்ணால் தூரத்தை அளந்து குதிக்கும் கேமாக இருந்திருந்தால் ஆடவே முடிந்திருக்காது. கட்டம் இருப்பதால் கண் தேவையில்லை, எண்ணினால் போதும். நடக்கும் பட்டனை அழுத்திக்கொண்டால் லாரா விளிம்பில் தானாக நின்றுவிடுவாள், அதையும் நம்பலாம். பார்க்க வேண்டுமானால் நின்று லுக் பட்டனை அழுத்தித் தலையைத் திருப்ப வேண்டும். பார்ப்பது ஒரு வேலை, நகர்வது இன்னொரு வேலை, இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

செயின்ட் ஃபிரான்சிஸ் ஃபாலி லெவலில் அந்த ஆழமான தூண்கூடம் இருக்கிறதே, மேலே நின்று லுக் பட்டனைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்போம். அந்த மேடையிலிருந்து இந்த மேடைக்கு, அங்கிருந்து அந்தக் கதவுக்கு என்று மனசுக்குள் ஒரு பாதை போட்டுக்கொள்வோம். பிறகு பார்வையை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் நம்பி இறங்குவோம். தெரிந்த இடத்தையே நினைவிலிருந்து கடப்பது. இந்த அனுபவத்தை அதற்குப் பிறகு வந்த எந்த டூம்ப் ரெய்டரும் எனக்குத் தரவில்லை.

2024 பிப்ரவரியில் முதல் மூன்று பாகங்களின் ரீமாஸ்டர் வந்தது. டேங்க், மாடர்ன் என்று இரண்டு கண்ட்ரோல். மாடர்னில் லாரா தள்ளிய பக்கம் திரும்பி ஓடுகிறாள், கேமராவும் வலது ஸ்டிக்கில். சும்மா அறையைச் சுற்றி வர அருமை. குதிக்கப் போனால் சங்கடம்: விளிம்புக்கு நேராக நிற்கிறாளா, அரைக்கால் திரும்பி நிற்கிறாளா என்று தெரியாது. கட்டத்தை நம்பி அமைத்த இடங்களைக் கண்ணை நம்பித் தாண்ட வேண்டியிருக்கிறது. செப்டம்பர் 8 குறிப்பில் மாளிகையைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒரே கதைதான்: கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு கண்ட்ரோலை மட்டும் மாற்றினால், கட்டடம் வேறொன்றாகிவிடுகிறது.

செப்டம்பர் 21

தலைசுற்றல் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். என் அக்காவுக்கும் இது உண்டு.

அக்கா கண்ட்ரோலரைத் தொடமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார். மாளிகையில் அவர்தான் எனக்கு மேப். நீலக்கல் எந்த அறையில், எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எல்லாம் அவர் வாயில்தான். ரெசிடென்ட் ஈவில் 7 (2017) ஃபர்ஸ்ட் பெர்சனில் வந்ததும் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து போய்விட்டார். "நீ எந்தப் பக்கம் திரும்பப் போறன்னு எனக்குத் தெரியலடா, வயித்தப் பொரட்டுது" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. ஸ்டிக்கைப் பிடித்திருப்பவனுக்குக் கேமரா நகர்வது ஒரு நொடி முன்பே தெரியும், ஏனென்றால் நகர்த்துவது அவனே. பக்கத்தில் இருப்பவருக்கு அது திடீரென்று உலகம் சுழல்வது. ஃபிக்ஸட் கேமரா இருவருக்கும் ஒரே படத்தைக் காட்டியது, இருவரும் சேர்ந்து தேடினோம். சுற்றும் கேமரா வந்ததும் கேம் ஒரு ஆளுடையதாகிவிட்டது. இது எனக்கு உண்மையான இழப்பு. கேமராவைப் பற்றிப் பேசுபவர்கள் ஆடுபவரை மட்டும் எண்ணிப் பேசுகிறார்கள். நம் வீடுகளில் ஒரு டிவியை மூன்று பேர் பார்க்கிறோம்.

ஆடுபவருக்கே தலை சுற்றுகிறது என்றால்: செட்டிங்கில் பார்வைக் கோணத்தைக் கூட்டிப் பாருங்கள், நடக்கும்போது தலை குலுங்குவதை அணைத்துவிடுங்கள். நடு ஸ்க்ரீனில் ஒரு புள்ளி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மிரர்ஸ் எட்ஜில் (2008) கூரைக்குக் கூரை தாவும் ஓட்டத்தில் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கட்டும் என்றுதான் அந்தச் சின்னப் புள்ளியை வைத்தார்கள்.

செப்டம்பர் 27

ஃபர்ஸ்ட் பெர்சன் என்றாலே சுதந்திரம் என்று நினைத்துப் பேசுகிறோம். மிஸ்ட் (1993) ஃபர்ஸ்ட் பெர்சன்தான், ஆனால் சுதந்திரம் கொஞ்சமும் இல்லை. வரைந்த படங்கள், கிளிக் செய்தால் அடுத்த படம். இதுவும் ஒரு ஃபிக்ஸட் கேமராதான், ஆள் மட்டும் ஃப்ரேமுக்குள் இல்லை.

அதில் எனக்கு ஒரு பெரிய தொல்லை, சில இடங்களில் ஒரு கிளிக் எவ்வளவு திருப்புகிறது என்று தெரியாமல் திசை தப்பிவிடும். ஆனால் அதே படமுறையை வைத்து 1997-ல் ரிவன் ஒரு காரியம் செய்தது. ஒரு கதவைத் திறந்து உள்ளே போகிறோம், முன்னே உள்ள வழியெல்லாம் தேடுகிறோம், ஒன்றும் இல்லை. திறந்த கதவை உள்ளேயிருந்து சாத்தினால்தான் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் பாதை தெரியும். முன்னே போவதிலேயே குறியாக இருப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார். நான் நாள்கணக்கில் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் ஒரு கிளிக் செலவழிக்க வேண்டும் என்கிற உலகத்தில், திரும்பிப் பார்ப்பதையே புதிராக்கியிருந்தார்கள். ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டினால் சுழலும் கேமராவில் இது இவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்காது என்று தோன்றுகிறது.

2020-ல் மிஸ்ட் விஆரில் (தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் திரை) வந்தபோது, தலைசுற்றாமல் இருக்க ஒரு புள்ளியைக் காட்டி நடக்காமலே அங்கே போய் நிற்கும் டெலிபோர்ட் வழியும் வைத்தார்கள். இடத்துக்கு இடம் தாவல், நின்று பார்த்தல், மறுபடி தாவல். 1993-ன் படத்துக்குப் படம் தாவும் நடைதான், வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

அக்டோபர் 2

இழையைத் தொடங்கியவர் பதில் போட்டிருக்கிறார்: "எல்லாம் மறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில் எல்லாம் தெரிகிறது, ஆனாலும் தேடினேனே?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். அதுவும் ஒரு ஸெல்டாதான், திறந்த பெரிய நிலத்தில் சுற்றுவது. அங்கே எல்லாம் தெரியவில்லை. தெரிவதாக நம்ப வைக்கிறார்கள். 2017-ல் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் செய்பவர்கள் மாநாட்டில் அந்த கேமைச் செய்தவர்களே விளக்கினார்கள்: நிலத்தை முக்கோணங்களாக அமைத்தோம் என்று. மலை, குன்று, பாறை, எல்லாம் வெவ்வேறு அளவில் முக்கோணம். முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறிக் கடப்பதா, சுற்றிப் போவதா என்று ஆடுபவரைத் தேர்வு செய்ய வைக்கும். சுற்றிப் போகப் போக, பின்னால் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், அதைப் பார்த்ததும் போட்ட திட்டம் மாறும்.

வலது ஸ்டிக் ஆடுபவரின் கையில் இருப்பதால் மறைக்கும் வேலையைக் கேமராவிடம் கொடுக்க முடியாது. அதனால் அதை நிலத்திடம் கொடுத்துவிட்டார்கள். மாளிகையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கோணம் ஒளித்து வைத்ததே, அதே வேலையை இங்கே ஒரு குன்று செய்கிறது. வித்தியாசம் நம் காலில்: அங்கே நின்று காது கொடுத்தோம், இங்கே எதையோ பார்த்துவிட்டு வழி மாறி ஓடுகிறோம். கோபுரத்துக்குப் போகக் கிளம்பியவன் ஒரு சமையல் சட்டியில் போய் நிற்பது அதனால்தான்.

இதைச் செய்யாமல், சுற்றும் கேமராவை மட்டும் கொடுத்துவிட்டு நிலத்தைத் தட்டையாக விட்ட கேம்கள் ஏராளம். அங்கேதான் மேப் முழுக்க ஐகான் தேவைப்படுகிறது. கண் எதையும் தேடாதபோது ஐகான்தான் காலை இழுக்க வேண்டும். ஃபயர்வாட்ச் (2016) இதற்கு அழகான எதிர்ப்பதம்: மேப்பும் திசைகாட்டியும் அந்த ஆளின் கையில். பார்க்க வேண்டுமானால் உயர்த்திப் பிடிக்க வேண்டும், அது காட்டையே பாதி மறைக்கும்.

அக்டோபர் 5

ராஜி (2020) ஆடியவர் ஒருவர், தாவும்போது தவறித் தவறி விழுகிறேன், ஃபிக்ஸட் கேமராவின் குறைதானே என்கிறார். புனேயில் செய்த கேம், அதன் கோட்டைகளைத் தூரத்திலிருந்து காட்டும் அந்தக் கோணங்கள் எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் நீங்கள் சொல்வதும் சரி. தூரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. பக்கவாட்டுத் தாவலில் சிக்கல் இல்லை, கேமராவை நோக்கியோ விலகியோ தாவும்போதுதான் வரும்.

1996-ல் சூப்பர் மாரியோ 64 இதற்கு ஒரு எளிய மருந்து வைத்திருந்தது. மாரியோ எங்கே பறந்தாலும் நேர் கீழே ஒரு கறுப்பு நிழல். வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லை, நேர் கீழே. நிழல் மேடையில் விழுந்தால் காலும் அங்கேதான் விழும். ஆடும்போது பார்வை ஆளை விட்டு நிழலுக்குப் போய்விடும். நிழலைப் பார்த்துத் தாவிப் பழகுங்கள், எந்தக் கேமராவானாலும் உதவும்.

அதே கேமில் கேமராவுக்கு ஒரு முகமும் கொடுத்திருந்தார்கள்: மேகத்தில் மிதந்தபடி தூண்டிலில் கேமராவைத் தொங்கவிட்டுப் பின்னால் வரும் லக்கிடு. கோட்டைக்குள் கண்ணாடி அறைக்குப் போனால் கண்ணாடியில் மாரியோவுக்குப் பின்னால் அவன் தெரிவான். கேமராவைத் தாமே திருப்புவது பலருக்கும் புதிதாக இருந்த நேரத்தில், இதை ஒருவன் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று சொல்லிவிட்டது எவ்வளவு அக்கறை.

அக்டோபர் 9

ரெசிடென்ட் ஈவிலைத் திரும்ப ஆடப் போகிறேன், என்ன செட்டிங் என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

ஜில்லை எடுங்கள். தேர்ந்தெடுக்கக்கூடிய இன்னொரு ஆளான கிறிஸுக்கு ஆறு பொருள்தான் கொள்ளும், ஜில்லுக்கு எட்டு. பூட்டுத் திறக்கும் கருவியும் அவளிடம் உண்டு, அதனால் முன்னும் பின்னும் அலைவது குறையும். கண்ட்ரோலை டேங்குக்கு மாற்றி, முதல் அரை மணி நேரம் ஹாலிலும் சாப்பாட்டு அறையிலும் சும்மா நடந்து கையைப் பழக்குங்கள். பிடிக்கவே இல்லை என்றால் புதுக் கண்ட்ரோலுக்குப் போங்கள், குற்றமில்லை. ஹெட்ஃபோன் கட்டாயம், டிவி ஸ்பீக்கரில் அந்தக் காலடிச் சத்தம் பாதி தொலைந்துவிடும். ஒரு அறைக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல் கோணம் மாறும் எல்லைகள் வரை ஒரு முறை நடந்து வாருங்கள். மேப்பில் சிவப்பாக இருக்கும் அறையில் இன்னும் எடுக்க வேண்டியது இருக்கிறது, பச்சையானால் முடிந்தது.

ஜன்னல்கள் வரிசையாக இருக்கும் அந்த எல் வடிவ நடைபாதையைத் தாண்டியதும் இங்கே வந்து எழுதுங்கள்.